கைப்பிடி இல்லாத பாரம்

காளியாயி அக்கா தன் புருஷனை ஒரே ஒரு தடவைதான் அடித்தார். அந்த ஒரு அடிக்குத்தான் பொலிஸ் வந்தது. அதற்கு முந்திய பதினேழு வருஷமும் அவன் அடித்த அடிக்கு ஒரு நாய்கூட எட்டிப் பார்க்கவில்லை.

அடித்தது மிலாறுக் கட்டையால். கவ்வாத்தில் வெட்டிப்போட்ட தேயிலைக் கொப்பைத்தான் மிலாறு என்போம், அடுப்பெரிக்க அதுதான். புருஷன் வீரபத்திரன் அன்று குடித்துவிட்டு வந்து, மகள் பிரியந்தினியின் தலைமுடியைக் கையில் சுற்றிச் சுவரில் மோதினான். பிள்ளைமேல் அவன் கை போனது அதுதான் முதல் தடவை. அக்கா அடுப்படியில் கையில் கிடைத்ததை எடுத்து ஒரு போடு போட்டார். மண்டையில் எட்டுத் தையல். மறுநாள் அவன் தலைக்கட்டோடு லயத்து வாசலில், வரிசை வீட்டுக்காரர்கள் எல்லோரும் பார்க்க உட்கார்ந்து போகிறவர் வருகிறவரிடமெல்லாம் அனுதாபம் வாங்கிக்கொண்டிருந்தான். அக்கா பொலிஸ் நிலைய பெஞ்சில் ஒரு நாள் முழுக்க இருந்துவிட்டு, இனிமேல் அடிக்கமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். புருஷனை அடித்தவள் என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. அடித்தவனுக்கு அப்படி ஒரு பெயரும் இல்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

நான் ஜூட்சன். தலவாக்கலை டவுனில், ஹாட்வெயார் கடைக்கு மேல்மாடியில் ஜிம் நடத்துகிறேன். மூன்று சுவரிலும் கண்ணாடி. வருகிற பையன்களுக்கு வேண்டியது நெஞ்சும் புஜமும். கல்யாண வீடியோவில் சட்டைப் பட்டன் தெறிக்கிற மாதிரி நிற்கவேண்டும், அவ்வளவுதான். நானும் அந்த ரகம்தான். எண்ணெய் பூசிக்கொண்டு மேடையில் நின்று மாகாணப் போட்டியில் மூன்றாம் இடம் எடுத்தவன். லயத்தில் பிறந்து வளர்ந்தவன், ஆனால் ஒரு உரமூட்டையைத் தூக்கி நூறு யார் நடந்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா வட்டகொடையில் ரயில் ஏறி ஒரு ஸ்டேசன் வந்து இறங்கி, என் மாடிப்படி ஏறி வந்தார். முப்பத்தொன்பது வயது. ஆண்கள் போடுகிற ஸ்வெட்டர், கையில் குடை. இடது கண் கன்றிப்போய் முழுதாக மூடியிருந்தது. பையன்கள் கண்ணாடி வழியாகப் பார்த்துக் கமுக்கமாகச் சிரித்தார்கள். உடம்பு குறைக்க வந்திருக்கிறார் என்று நான் நினைத்தேன்.

"என்னக்கா, மெலியணுமா?"

"மெலிஞ்சு என்னா பண்றது மாஸ்டர்? அறுபத்தெட்டுக் கிலோவத் தரையிலேருந்து தூக்கணும். தூக்கிக்கிட்டுப் பதினாறு அடி நடக்கணும். மூணு படி எறங்கிக் கீழ வைக்கணும். அடிபடாம வைக்கணும். அதுக்கு எத்தன மாசமாகும்?"

"என்ன சாமான்?"

"சாமான் இல்ல. எங்க வீட்டுக்காரரு."

பையன்கள் வாய்விட்டே சிரித்துவிட்டார்கள். அக்கா சிரிப்பு அடங்கும் வரை நின்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கண்ணைப் பக்கத்தில் பார்த்தவனுக்கு வராது.

"அந்த ஆள வுட்டுட்டுப் போயிரலாமேக்கா?"

"நான் ஏன் போகணும்? தோட்டத்துல பேரு பதிஞ்சு வேலைக்குப் போறது நானு. நாங்க குடியிருக்குற லயத்துக் காம்பரா என் பேருக்கு இருக்கு. புள்ள அடுத்த வருஷம் ஓ.எல். எழுதுது. வெளிய போக வேண்டியது அந்தாளுதான். அடிச்சா பொலிசு வருது. சரி, அடிக்கல. தூக்கி வெளிய வச்சுக் கதவப் பூட்டுனா என்னா கேசு போடுவாங்க?"

அன்றைக்கே ஆரம்பித்தோம்.

முதலில் கம்பியில் தட்டுப் போட்டுத் தூக்கப் பழக்கினேன். இருபது வருஷம் கொழுந்துப் பையைத் தலையில் கயிறு மாட்டிச் சுமந்த முதுகு அது. நான் சொல்லிக்கொடுக்க அதிகம் இருக்கவில்லை. கழுத்து மரம் மாதிரி இருந்தது. கால்தான் நடுங்கியது. இரண்டு மாதத்தில் அறுபது கிலோ எடுத்தார். நான் கைதட்டினேன். அவர் கம்பியைக் கீழே வைத்துவிட்டு அதையே பார்த்தார்.

"இதுக்குப் பிடி இருக்கே மாஸ்டர். ஆளுக்குப் பிடி இல்லயே. அந்தாளு வழுக்குவாரு, தொங்குவாரு, காலால ஒதைப்பாரு."

கம்பியைத் தூர வைத்தோம். நான் தரையில் விழுந்து, குடித்துவிட்டு விழுந்த வெறிகாரன் மாதிரி கிடந்தேன். அக்கா பின்பக்கமாக அக்குளுக்குள் கையைக் கொடுத்து, என் நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு கையால் மறு மணிக்கட்டைப் பூட்டிப் பிடித்து, இழுத்து நிமிர்த்தினார். என் எடை எண்பத்தொன்று; அதில் பாதி கண்ணாடிக்காக வளர்த்தது. மூச்சு முட்டியது. திமிறச் சொன்னார், திமிறினேன். முழங்கையால் இடிக்கச் சொன்னார், தயங்கினேன்.

"இடிங்க மாஸ்டர். அந்தாளு யோசிச்சா இடிப்பாரு?"

இடித்தேன். அந்த இடம் ஏற்கெனவே கன்றியிருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. இன்னொரு ஞாயிறு உதடு கிழிந்து வந்தார். இன்னொரு ஞாயிறு இரண்டு விரலைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்தார். "தூக்குறப்ப எங்கக்கா வலிக்குது?" என்று கேட்டால், "எல்லா எடத்துலயும். தூக்குறதால இல்ல," என்பார். நான் ஒவ்வொரு வாரமும் அந்த வீரபத்திரனைத் தேடிப்போய்ப் பல்லை உடைக்கவேண்டும் என்று நினைப்பேன். நினைத்ததோடு சரி. என் புஜம் அதற்கெல்லாம் வளர்த்ததில்லை போல.

வீட்டில் பழக அக்கா ஓர் உரச்சாக்கில் ஈரமண் அடைத்து வைத்திருந்தார். அறுபத்தெட்டுக் கிலோ என்றார். அதைத் தூக்கத்தான் திணறுகிறது, ஜிம்மில் உள்ள எழுபது மட்டும் ஏன் அதைவிட லேசாக இருக்கிறது என்று கேட்டார். எனக்கும் புரியவில்லை. சாக்கைக் கட்டி ஒரு வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு வரச்சொன்னேன். என் தராசில் எழுபத்திரண்டு காட்டியது.

"கொழுந்துத் தராசுலதான் நிறுத்தேன். எழுபத்திரெண்டு காட்டுச்சு. சாக்குக்கும் தண்ணிக்கும் நாலு கழிச்சேன்."

"மண்ணுக்கு எதுக்கக்கா கழிக்கணும்?"

இருபது வருஷமாக ஒவ்வொரு நாளும் கொழுந்து நிறுவையில் சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று தோட்டம் நான்கு கிலோவைக் கழித்தே கேட்டுப் பழகிய காது அக்காவுடையது. சாக்கில் கொழுந்து இல்லை, மண்தான் இருக்கிறது என்பதுகூட அந்த நேரத்தில் தோன்றவில்லை. முதலில் சிரித்தார். பிறகு அந்தச் சாக்கை ஓங்கி ஓர் உதை உதைத்தார். பிறகு அதைக் கட்டிப்பிடித்துத் தூக்கி, பதினாறு அடி நடந்து, மாடிப்படியில் மூன்று படி இறங்கி, பையன்கள் பார்க்க அங்கே வைத்தார். பையன்கள் அன்று சிரிக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை நாலு மணிக்கு வீரபத்திரன் நிறைவெறியில் வந்தான். சோற்றுச்சட்டியைத் தூக்கிச் சுவரில் அடித்தான். பிரியந்தினி படித்துக்கொண்டிருந்த கொப்பியைக் கிழித்தான். பிள்ளை பறிக்கப்போனபோது வயிற்றில் உதைத்தான். அக்கா பின்னால் போய்க் கையைக் கொடுத்துப் பூட்டினார். அவன் தொங்கினான், வழுக்கினான், உதைத்தான். வாளியில் தண்ணீர் கொண்டுபோகிறவர் மாதிரி சிந்தாமல் கொண்டுபோய், படி இறங்கி, லயத்தார் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் உட்காரவைத்தார். கதவைப் பூட்டினார். அவன் கூரைத் தகரத்தில் கல் எறிந்தான், கதவை உதைத்தான், லயமே கேட்கத் தூஷணத்தில் கத்தினான், வாந்தி எடுத்தான், பிறகு அங்கேயே தூங்கிப்போனான்.

காலையில் அவனுக்கு ஒன்றும் ஞாபகமில்லை! வெறியில் வெளியிலேயே விழுந்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு வந்து தேத்தண்ணி கேட்டான். அக்கா ஊற்றிக் கொடுத்தார்.

நாலு மாதம் இப்படியே நடந்தது. லயத்துப் பெண்களுக்கெல்லாம் தெரியும். யாரும் மூச்சு விடவில்லை. அவனுக்கு மட்டும் தெரியாது. பிரியந்தினி அந்த நாலு மாதமும் உதை வாங்காமல் படித்தாள். அக்காவின் முகத்தில் முதல் தடவையாக இரண்டு கண்ணும் ஒரே அளவில் இருந்ததைப் பார்த்தேன். நான் சந்தோஷப்பட்டேன். சந்தோஷப்பட்டவன் சும்மா இருந்திருக்கலாம்.

ஜனவரியில் ஜிம்முக்கு ஆள் குறைந்தது. எல்லா ஜிம்காரனும் வீடியோ போடுகிறான். நானும் ஒன்று போட நினைத்தேன். அக்காவிடம் கேட்டேன்.

"மூஞ்சி தெரியக்கூடாது மாஸ்டர்."

"தெரியாதக்கா. முதுகுப் பக்கமிருந்துதான் எடுப்பேன்."

முதுகுப் பக்கமிருந்துதான் எடுத்தேன். நாற்பது செக்கன். சாக்கைத் தூக்குகிறார், நடக்கிறார், வைக்கிறார். மேலே ஒரு வரி எழுதினேன்: 'இந்த அக்கா தூக்கப் பழகுவது மூட்டையை இல்லை, வெறியில் வரும் புருஷனை.' எழுதிவிட்டு என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். இரண்டு நாளில் எண்பதாயிரம் பேர் பார்த்தார்கள்.

முன்னால் இருந்த சுவர் முழுக்கக் கண்ணாடி. அக்காவின் முகம் அதில் பட்டப்பகல் மாதிரி தெரிந்தது. நான் அந்த வீடியோவைப் போடுமுன் ஏழெட்டுத் தடவை பார்த்திருப்பேன். ஏழெட்டுத் தடவையும் கண்ணாடி ஓரத்தில் தெரிந்த என் புஜத்தைத்தான் பார்த்திருக்கிறேன்.

அதன்பிறகு நடந்ததை அக்காவும் பிரியந்தினியும் ஆஸ்பத்திரியில் வைத்துச் சொன்னார்கள்.

புதன்கிழமை. தேயிலை வெட்டுகிற கவ்வாத்து மலையில் நாட்கூலிக்குப் போயிருந்த வீரபத்திரன் கையில் எவனோ ஒருவன் போனைக் கொடுத்தான். ஆளுக்கு ஆள் வாங்கிப் பார்த்துச் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. அன்று சாராயக்கடைப் பக்கமும் போகவில்லை. தன் பங்கு வேலையை முடித்துவிட்டு, கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டு, இரண்டரை மணிக்கு லயத்துக்கு வந்தான். கொழுந்தெடுக்கிற பெண்கள் மலையில் இருந்தார்கள். லயத்தில் ஆளில்லை. அக்கா காய்ச்சலென்று அன்று வேலைக்குப் போகவில்லை. பிரியந்தினி அப்போதுதான் பள்ளிக்கூடத்தால் வந்து சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

வந்தவன் கத்தவில்லை. கதவை உள்ளே தாழிட்டான்.

"என்னத் தூக்கி வெளிய வைப்பியாமே. எங்க, தூக்கு பாப்பம்."

அவன் வாயில் சாராய வாடையே இல்லையாம்.

அவன் முதலில் அக்காவிடம் போகவில்லை. பிள்ளையின் பின்னலைப் பிடித்து, கத்தியைக் கழுத்துக்கு நேரே கொண்டுபோனான். அக்கா பாய்ந்து பின்னாலிருந்து பூட்டினார். தூக்கப் பார்த்தார். முடியவில்லை. கால் அகட்டி, முழங்கால் மடக்கி, ஆணி அடித்தது மாதிரி நின்றான். பின்தலையால் அக்காவின் மூக்கில் இடித்தான், எலும்பு நொறுங்கியது. முழங்கையால் விலாவில் இடித்தான். குதிகாலால் பாதத்தை மிதித்தான்.

"குடிச்ச ஆளத்தான் மாஸ்டர் பழகுனோம். குடிக்காத ஆளப் பழகலயே."

தூக்க முடியாது என்று தெரிந்ததும் அக்கா தூக்குவதை விட்டார். பிடித்தார். தன் வலது மணிக்கட்டை இடது கையால் பூட்டி, அவன் நெஞ்சுக்கூட்டை இறுக்கினார். "கதவத் தொறந்து ஓடு!" என்று கத்தினார். பின்னல் அவன் கையிலிருந்து நழுவியது. பிரியந்தினி தாழ்ப்பாளைத் திறந்து மலைப்பக்கம் ஓடினாள். ஒரு காலில் சப்பாத்து இருந்தது, மறு காலில் இல்லை.

அவன் கத்தியைத் திருப்பிப் பிடித்து, தன் நெஞ்சில் பூட்டியிருந்த கையை அறுத்தான். ஒரு தடவை இல்லை. மணிக்கட்டின் உள்பக்கம், கையின் மேல்பக்கம், முழங்கைக்குக் கீழே. ரத்தம் பட்டுப் பிடி வழுக்கியது. வழுக்க வழுக்க அக்கா இறுக்கினார். விட்டால் அவன் பிள்ளைக்குப் பின்னால் ஓடுவான். மலைக்கு ஏறுகிற பாதை ஒன்றுதான். எவ்வளவு நேரம் என்று அக்காவுக்குத் தெரியாது. ஒரு கட்டத்தில் அவனுக்குள்ளிருந்து சத்தம் கேட்டது, மிலாறு ஒடிகிற மாதிரி. இன்னொரு தடவையும் கேட்டது. கத்தி கீழே விழுந்தது. "வுடுடி, ஒண்ணும் செய்யமாட்டேன், வுடு," என்று அழுதான். அக்கா விடவில்லை.

இருபது பெண்களும் வேலை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயாவும் ஓடிவந்தபோது இரண்டு பேரும் தரையில் கிடந்தார்கள். அக்காவின் கையைப் பிரிக்க நாலு பேர் வேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு வந்த சார்ஜன்ட் சிங்களத்தில் கேட்டாராம், அந்த ஆளின் இரண்டு விலா எலும்பு எப்படி உடைந்தது, எதால் அடித்தாய் என்று. "அடிக்கல மாத்தயா. புடிச்சேன்," என்று அக்கா சொன்னார். அவர் அதை எப்படி எழுதினாரோ தெரியாது. வீரபத்திரனைப் பதினாலு நாள் ரிமாண்டில் வைத்தார்கள்.

நான் அங்கே போவதற்கு முந்தின நாளே வீடியோவை அழித்துவிட்டு, அந்தக் கண்ணாடியைப் பத்துக் கிலோ தட்டால் அடித்து நொறுக்கினேன். யாருக்கும் ஒரு பிரயோசனமும் இல்லை. கூட்டி அள்ளியதும் நானேதான்.

கட்டில் பக்கத்தில் நின்று மன்னிப்புக் கேட்டேன். மூக்கில் கட்டு, கை தோள்வரை கட்டு. அக்கா என்னை வைய வேண்டும், காறித் துப்ப வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

"மூஞ்சி தெரியாதுன்னுதானே மாஸ்டர் சொன்னீங்க," என்றார். அவ்வளவுதான்.

வலது கையில் மூன்று விரல் மடங்காது. ஆறு மாதம் பார்க்கலாம், வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"அந்தாளு எப்ப வருவாரு மாஸ்டர்?"

"பதினாலு நாள்ல பெயில் குடுத்தாலும் குடுப்பாங்கக்கா."

பிரியந்தினி கட்டிலின் கால்மாட்டில் இருந்து அழுதாள். "எனக்குப் பயமா இருக்கும்மா, நம்ம எங்கயாச்சும் போயிருவோம்," என்றாள். போக இடம் எங்கே என்று மூன்று பேருக்கும் தெரியும். நான் அக்காவிடம் உண்மையைச் சொன்னேன். பதினாலு நாளில் இடது கையை மட்டும் பழக்கி ஒன்றும் ஆகாது, வெறியில் வந்தாலே தூக்க முடியாது, வெறியில்லாமல் வந்தால் கேட்கவே வேண்டாம் என்றேன்.

"அது எனக்குத் தெரியும். அந்தாளுக்குத் தெரியுமா?"

எனக்கு விளங்கவில்லை.

"இன்னொரு வீடியோ எடுங்க மாஸ்டர். ஒத்தக் கையால தூக்குற மாதிரி. சாக்குல காஞ்ச மானாப்புல்ல அடச்சுக்குவோம்."

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு விட்ட மறுநாள் அக்கா ஜிம்முக்கு வந்தார். பிரியந்தினி புல்லை நசுக்கி அடைத்திருந்தாள்; பார்த்தால் உரமூட்டையேதான். அக்காவின் கட்டுப்போட்ட கையை ஸ்வெட்டருக்குள் விட்டுக் கைமுனையைப் பாக்கெட்டில் செருகினோம். தலையணையைத் தூக்குகிற மாதிரி இடது கையால் சாக்கைத் தூக்கித் தோளில் போட்டார்.

"அக்கா, பாரமா இருக்கிற மாதிரி தூக்கணும்."

திரும்பத் தூக்கினார். பார்க்கச் சகிக்கவில்லை. எத்தனையோ வருஷம் நிஜப் பாரத்தைச் சுமந்தவருக்குப் பொய்ப் பாரத்தைச் சுமக்கத் தெரியவில்லை. அது எனக்குத் தெரியும். அது மட்டும்தான் எனக்கு நன்றாகத் தெரியும். முழங்காலை எப்படி நடுங்கவைப்பது, கன்னத்தை எப்படி உப்புவது, கழுத்து நரம்பை எப்படிப் புடைக்கவைப்பது, தூக்கி முடித்ததும் எந்த இடத்தில் மூச்சை விடுவது, எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். பதினோராவது தடவைதான் சரியாக வந்தது. இந்தத் தடவை முகத்துக்கு நேராக எடுக்கச் சொன்னார். 'எழுபத்தைந்து கிலோ, ஒற்றைக் கை' என்று எழுதிப் போட்டேன்.

வியாழக்கிழமை பெயில் கிடைத்தது. வெளியே வந்ததுமே எவனோ அவனுக்குப் புது வீடியோவைக் காட்டியிருக்கிறான். சனிக்கிழமை பகல் வீரபத்திரன் விலாவைப் பிடித்துக்கொண்டு லயத்துக்கு வந்தான். பீலிக்கரை வரைக்கும் வந்தான். அங்கேயே கொஞ்ச நேரம் நின்றான். அக்கா வாசலில் நின்றார், கை ஸ்வெட்டருக்குள். அவன் திரும்பி, கினிகத்தேனையில் உள்ள தன் கூடப்பிறந்தவள் வீட்டுக்குப் போனான். வழக்குத் தவணைக்கு மட்டும் வந்துபோகிறான்.

இப்போது மாதம் ஒரு வீடியோ எடுக்கிறோம். பிரியந்தினி பரீட்சை எழுதி முடித்துவிட்டாள். டாக்டர் சொன்ன ஆறு மாதமும் போய்விட்டது. மூன்று விரலும் அப்படியேதான் இருக்கின்றன. போன ஞாயிறு எடுத்து முடித்ததும் அக்கா சாக்கின்மேலேயே உட்கார்ந்துவிட்டார். புல் அமுங்கிச் சாக்கு தட்டையாகிப் போனது.

"மாஸ்டர், நெசமா பயமா இருக்கு. அந்தாளு ஒரு நாளைக்கு நெதானமா உக்காந்து யோசிச்சாருன்னா தெரிஞ்சிரும்ல?"

தெரிந்துவிடும் என்றுதான் எனக்கும் தோன்றியது. அடுத்த மாதம் தொண்ணூறு கிலோ என்று போடலாம் அக்கா என்றேன்.